ஏழு வயது சைஸ்

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் திருப்பூரை ஒட்டிய அருள்புரத்துக்கு ஒரு மயக்கம் வந்துவிடும். வாரம் முழுக்கத் தையல் மெஷினும் லாரியும் போட்டி போட்டுக்கொண்டு கத்திய ஊர், வயிறு முட்டக் கறிச்சோறு தின்றவனைப் போலக் கையைக் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில்தான் ஜெயபாண்டி, வீட்டுக்கார மருதம்மாளின் பழைய தறிக்கொட்டகையில் உட்கார்ந்து, தன் மகள் நாகஜோதிக்கு ஒரு மர அலமாரி செய்துகொண்டிருந்தான். செய்துகொண்டிருந்தான் என்பதுகூடக் கொஞ்சம் தாராளமான பேச்சு. பாதி நேரம் பலகையை மடியில் போட்டுக்கொண்டு கனவுதான் கண்டுகொண்டிருந்தான்.

கனவு காணாமல் என்ன செய்வான்? அந்த மரத்தின் வாசம் அப்படி. பக்கத்து நிட்டிங் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து மெஷின் வந்து இறங்கிய பெட்டி அது. பிரித்துப் போட்ட பலகைகள் மதிலோரம் கேட்பாரற்றுக் கிடந்தன. வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நடைநடையாகத் தூக்கி வந்துவிட்டான். வெளிறிய மரம். இழைத்தால் எலுமிச்சையும் குங்கிலியமும் கலந்தது போல ஒரு வாசம் எழும். எந்த ஊர்க் காடோ, எந்தப் பனியில் நின்ற மரமோ. இழைப்புளியைத் தள்ளத் தள்ளச் சீவல் சுருண்டு சுருண்டு விழும். கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டின் வழியாக இறங்கும் வெயிலில், என்றோ ஓடி நின்ற தறியின் பஞ்சுத்தூசி இன்னும் மிதந்துகொண்டிருக்கும். ஜெயபாண்டிக்குத் தான் இருப்பது அருள்புரமா, பேர் தெரியாத ஒரு குளிர்காடா என்று சட்டென்று பிடிபடாது. அந்தக் காட்டுக்குள் நாகஜோதி முன்னால் நடந்து போவாள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். அந்தக் கனவில் அது ஒன்றுதான் குறை.

பிள்ளைகளுக்கான துணி ஏற்றுமதி செய்யும் ஒரு பனியன் கம்பெனியில் ஜெயபாண்டி கட்டிங் மாஸ்டர். மனைவி நதியாவுக்கு அதே கம்பெனியில் செக்கிங் வேலை. சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல்காட்டை விட்டு இருவரும் கிளம்பி வந்தபோது நாகஜோதிக்குப் பேச்சு திருந்தவில்லை. ஷிப்டும் ஓவர்டைமுமாக ஓடுகிற ஊரில் பச்சைப்பிள்ளையை யார் பார்ப்பது? நதியாவின் அக்கா சின்னத்தாய்க்குப் பிள்ளை இல்லை. நான் பார்த்துக்கொள்கிறேன், விட்டுவிட்டுப் போங்கள் என்றாள். கொஞ்ச நாளைக்குத்தான் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். அந்தக் கொஞ்ச நாள் எப்போது வருஷக்கணக்காக மாறியது என்று இருவரில் யாருக்குமே தெரியவில்லை.

தினமும் சாயங்காலம் சின்னத்தாயின் போனில் வீடியோ போட்டுப் பேசுவாள் நாகஜோதி. வாய் மூடாது. டீச்சர் வராதது, ஆட்டுக்குட்டிக்கு மணி கட்டியது, பக்கத்து வீட்டுப் பையன் கீழே விழுந்தது என்று அடுக்கிக்கொண்டே போவாள். வரிக்கு வரி அப்பா போடுவாள். அதே பிள்ளை, இவர்கள் ஊருக்கு நேரில் போனால் பெரியம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். போனில் இருக்கும் அப்பா வேறு, மீசையும் வேர்வை வாடையுமாக வந்து நிற்கும் இந்த ஆள் வேறு என்று நினைத்ததோ என்னவோ. போன தீபாவளிக்கு முந்தின தீபாவளியில் அவர்கள் அங்கே இருந்த நாள் முழுக்க அப்பா என்றும் கூப்பிடவில்லை, அம்மா என்றும் கூப்பிடவில்லை. நதியா ஒரு வாய் சோறு ஊட்டப் போனாள். "போதுங்க" என்றது பிள்ளை. பெற்ற தாயிடம் போதுங்க. நதியா அன்றைக்கு மாட்டுக்கொட்டில் பின்னால் போய் நின்று அழுதுவிட்டு வந்தாள். போன தீபாவளிக்கு ஷிப்மென்ட் நெருக்கடியில் ஊருக்குப் போகவே வாய்க்கவில்லை; வருஷா வருஷம் அனுப்புவது போலக் கம்பெனியில் அவன் வெட்டிய கவுன் ஒன்றை அனுப்பிவைத்தார்கள்.

இந்தக் கோடை விடுமுறையில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அவர்கள் குடியிருந்த மருதம்மாளின் லைன் வீட்டில் பக்கத்து அறை காலியானது. அதையும் சேர்த்து வாடகைக்குப் பிடித்து, பிள்ளையை இங்கேயே கூட்டி வந்து, தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவது. சின்னத்தாய் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று சொன்னாள். தானே கூட்டி வந்து ஒரு பகல் இருந்து பார்ப்பாளாம். சாயங்காலம் அவள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பிள்ளை முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதால், மறுபேச்சு இல்லாமல் திரும்பக் கூட்டிப்போய்விடுவாளாம். "அதுக்குப் பெறகு கூட்டியாங்கன்னு எங்கிட்ட யாரும் கேக்கக் கூடாது" என்றாள். வளர்த்தவள் வேறெப்படிப் பேசுவாள்? நியாயந்தான் என்று ஜெயபாண்டியும் ஒத்துக்கொண்டான். ஒத்துக்கொண்டு போனை வைத்த நிமிஷத்திலிருந்து, பிள்ளை அழுதுவிடுமோ என்ற பயம் அவனைப் பிடித்துக்கொண்டது.

அலமாரி யோசனை அந்தப் பயத்தில் பிறந்ததுதான். ஊரில் நாகஜோதியின் புத்தகம் சின்னத்தாயின் தகரப்பெட்டிக்குள் கிடக்கும், உடுப்பு எல்லாருடைய உடுப்போடும் கொடியில் தொங்கும். தனக்கென்று சொல்லிக்கொள்ள அவளுக்கு ஒரு மூலை கிடையாது. இங்கே வந்து நுழைந்ததுமே, இந்த வீடு தன்னை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். ஆயிரம் வார்த்தை பேசி அதைத் தெரியவைக்க ஜெயபாண்டிக்கு வராது. பேச்சில் அவன் என்றைக்குமே மண்டு. கையால் எதையாவது செய்து முன்னால் வைக்கத்தான் தெரியும்.

ஆசாரி வேலையும் தெரியாதுதான். அதனால் தெரிந்த வேலையையே மரத்தில் செய்தான். முதலில் பிரவுன் பேப்பரில் பேட்டர்ன் வரைந்து வெட்டிக்கொண்டான். அதைப் பலகை மேல் விரித்து, ஓரத்துக்குக் கல்லைப் பாரம் வைத்து, டெய்லர் சாக்பீஸால் சுற்றிலும் கோடு இழுத்தான். மரவேலை செய்கிறவன் எவனாக இருந்தாலும் நேர்கோட்டோடு நிறுத்தியிருப்பான். இவன் கை துணி வெட்டிப் பழகிய கை. நேராகப் போய்க்கொண்டே இருந்தால் அதற்கு அலுப்புத் தட்டும். பக்கவாட்டுப் பலகையில் கைக்குழி வளைவு வந்தது. உச்சியில் கழுத்து வளைவு வந்தது. கீழே போகப் போகக் குடையாக விரிந்தது. வாடகைக்கு எடுத்த சின்ன மின்ரம்பம் அந்த வளைவுகளில் முனகிக்கொண்டே திரும்பியது. வெட்டி முடித்து இரண்டு பக்கத்தையும் நிறுத்திப் பார்த்தால், அலமாரி ஒரு கவுனைப் போல நின்றது.

மருதம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வந்தவள் வாசலிலேயே நின்று பார்த்தாள். வாடகை விஷயத்தில் கறார்ப் பேர்வழி. ஆனால் கொட்டகையை இவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, ஞாயிறு தவறாமல் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போவாள்.

"ஏனுங் மாஸ்டரு, மரத்துல கவுனு தெச்சுப்போட்டீங்ளா? பித்தான் எங்கீங்க?" என்றாள்.

ஜெயபாண்டி சிரித்தான். சிரித்தானே தவிர, ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அதுவும் நல்ல யோசனையாகப் பட்டது. அடுத்த ஞாயிறு மரத்தில் வட்டமாகப் பித்தான்கள் அறுத்து, இழுப்பறைகளுக்குக் கைப்பிடியாக வைத்துவிட்டான்.

அலமாரியில் என்னென்ன வரும் என்று மனதுக்குள் வீடு கட்டிக் குடியேறிக்கொண்டிருந்தான் அவன். உச்சியில் ஒரு தட்டு, பொம்மைகளுக்கு. அதற்குக் கீழே புத்தகத்துக்கு. பக்கத்தில் பள்ளிக்கூடப் பை மாட்டக் கொக்கி. நடுவில் பெரிதாக ஒரு பொந்து. அதற்குள் பலகை இருக்கை. அதில் உட்கார்ந்து காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு படிக்கலாம், விளையாடலாம், கோபித்துக்கொண்டால் ஒளிந்தும்கொள்ளலாம். கம்பெனியில் துணி அடுக்குகளை விரித்துக் கட்டிங் டேபிளில் நிற்கும்போதும் கண்ணுக்கு முன்னால் அந்தப் பொந்துதான். வெள்ளைத் துணி மேசை நெடுக அலையலையாக விரிந்துகொண்டே போகும்; அதன் அந்தக் கோடியில் அலமாரி மிதந்துகொண்டிருக்கும்; அதற்குள் பிள்ளை உட்கார்ந்து வாய்க்குள்ளேயே பாட்டுப் படித்துக்கொண்டிருப்பாள். சூப்பர்வைசர் வந்து தோளைத் தட்டினால்தான் துணி துணியாகத் தெரியும்.

எல்லாவற்றுக்கும் அளவு வேண்டுமே. நதியா அதை முதல் நாளே கேட்டாள். அக்காவிடம் சொல்லிப் பிள்ளையை ஒரு தரம் சுவரோரம் நிறுத்தி அளந்து சொல்லச் சொல்லலாமா என்றாள்.

ஜெயபாண்டிக்கு அது கொஞ்சம் ரோஷமாகவே போய்விட்டது. பிள்ளைகள் அளவைப் போய் அவனிடம் கேட்பதா? இரண்டு வயதுக்கு எவ்வளவு உயரம், நாலு வயதுக்குத் தோள் எவ்வளவு, ஏழு வயதுக்குக் கை நீளம் எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். துணி வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் சைஸ் சார்ட் வருஷக்கணக்காக அவன் தலைக்குள் குடியிருக்கிறது. ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் சரக்கு திரும்பி வந்துவிடும். அப்படி அவன் வெட்டிய துணி ஒன்றுகூட இதுவரை அளவுக்காகத் திரும்பி வந்ததில்லை.

"எம் புள்ள சைஸ் எனக்குத் தெரியாதாக்கும்? ஏழு வயசு. முடிஞ்சு போச்சு" என்றான்.

ஏழு வயது சைஸில் கை உயர்த்தினால் எட்டும் உயரத்துக்குக் கொக்கியை வைத்தான். ஏழு வயது சைஸில் முழங்கால் மடங்கும் உயரத்துக்கு இருக்கையை அடித்தான். ஒவ்வொரு ஆணிக்கும் மனசுக்குள் அந்தச் சார்ட்டைப் புரட்டினான்; ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சமும் தயங்காமல் பதில் சொன்னது.

கடைசியாகப் பெயர். மெல்லிய பலகையில் எழுத்து எழுத்தாக அறுத்தான். சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் சிநேகிதன் கொஞ்சம் மிஞ்சின சாயம் கொண்டுவந்து கொடுத்தான்; மஞ்சள். அந்த வெளிறிய மரம் துணியைவிட ஆசையாகச் சாயத்தைக் குடித்தது. நாகஜோதி என்ற பெயரைக் கொட்டகை வாசலில் வெயிலில் உலர்த்திவிட்டு ஜெயபாண்டி தூரத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். காற்றில் எங்கிருந்தோ பஞ்சு வந்து எழுத்துகளின் மேல் ஒட்டியது. அவன் எழுந்து எழுந்து போய் ஊதிவிட்டு வந்தான். இந்தப் பெயரை நேரில் கூப்பிட்டு, பிள்ளை திரும்பிப் பார்த்து, என்னப்பா என்று கேட்டால் போதும். உலகத்தில் அவனுக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

சின்னத்தாயும் நாகஜோதியும் வந்து இறங்கியது ஒரு ஞாயிறு காலை. நதியா விடிந்தும் விடியாமலும் தலைக்குக் குளித்து, கம்பெனிக்குக் கட்டாத சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பஸ்ஸிலிருந்து முதலில் சின்னத்தாயின் மஞ்சள்பை இறங்கியது, பிறகு சின்னத்தாய், பிறகு அவள் விரலைப் பிடித்துக்கொண்டு பிள்ளை. ஜெயபாண்டி ஓரடி முன்னால் போனான். தூக்கிக்கொள்ளலாமா என்று கையை நீட்டினான். நீட்டின கையைப் பார்த்ததும் பிள்ளை பெரியம்மாவோடு இன்னும் ஒட்டிக்கொண்டது. அவன் அந்தக் கையாலேயே பையை வாங்கிக்கொண்டான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அலமாரிதான் கண்ணில் படும்படி வைத்திருந்தான். சன்னல் வெயில் சரியாக அதன் மேல் விழுந்து, பெயர் தீப்பற்றிக்கொண்டது போல மின்னியது. நாகஜோதி நின்றாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். உதடு மட்டும் அசைந்தது. பெரியம்மாவின் விரலை விட்டுவிட்டு மெல்லக் கிட்டே போய் எழுத்துகளைத் தடவினாள். வளைவைத் தடவினாள். பித்தானைத் திருகிப் பார்த்தாள். ஜெயபாண்டியும் நதியாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூச்சு விட்டால்கூடக் கலைந்துபோய்விடும் என்று பயந்தார்கள்.

பிறகு அவள் முதுகிலிருந்த பையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டப் போனாள். எட்டவில்லை. குதிகாலைத் தூக்கினாள். அப்போதும் எட்டவில்லை. ஒரு தரம் எம்பிப் பார்த்துவிட்டுப் பையைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். பொந்துக்குள் ஏறி உட்கார்ந்தாள். கால் தரையில் படாமல் அந்தரத்தில் தொங்கியது. புத்தகத் தட்டு அவள் தலைக்கு மேலே எங்கோ இருந்தது. அவ்வளவு பெரிய பொந்தில் அவள் ஒரு ஓரமாக, பஸ் ஸ்டாண்டில் யாருக்கோ காத்திருக்கிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் இறங்கிப் போய்ப் பெரியம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"நல்லா இருக்குங்க" என்றாள், ஜெயபாண்டியின் முகத்தைப் பார்க்காமல்.

அந்த 'ங்க' அவனை அறைந்தது. அதைவிட, கண் முன்னால் கண்டது அறைந்தது. எத்தனை ஆயிரம் பிள்ளைகளின் அளவை மனசுக்குள் வைத்திருக்கிற மாஸ்டர், தன் பிள்ளையை ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் முழு உருவமாகப் பார்க்கிறான். இத்தனை நாளும் போனில் பார்த்ததெல்லாம் முகம். பெரிய முகமாக, திரை நிறைந்த முகமாகத் தெரியும்; அதற்குக் கீழே எவ்வளவு உயரம், எவ்வளவு கை நீளம் என்று போன் சொல்லுமா? கரிசல் வெயிலில் ஓடியாடும் சின்னக் கூடு. சார்ட்டில் இருந்ததோ பாலும் வெண்ணெயும் தின்று குளிர்தேசத்தில் வளரும் பிள்ளை. முகம் தெரியாத அந்தப் பிள்ளைக்கு ஒரு நூல் பிசகாமல் அலமாரி செய்து, அதன் நெற்றியில் தன் மகள் பெயரை ஒட்டிவைத்திருக்கிறான். இதைவிடப் பெரிய கோமாளித்தனம் இருக்க முடியுமா என்று அவனுக்குத் தோன்றியது. வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் அழுகை முட்டிக்கொண்டிருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். நதியா பொரித்த மீனை முள் எடுத்துத் தட்டில் வைத்தாள். பிள்ளை அதைத் தின்றது, தலையை நிமிர்த்தவில்லை. மருதம்மாள் எட்டிப் பார்த்து, "கண்ணு, பேரென்ன சாமி?" என்று கேட்டதற்கு மட்டும் பளிச்சென்று பதில் சொன்னது. சின்னத்தாய் நல்லவள். அலமாரியைப் பார்த்தும், பிள்ளையின் தொங்கிய காலைப் பார்த்தும், ஒரு வார்த்தை குத்தலாகப் பேசவில்லை. சாப்பிட்ட தட்டுகளைத் தானே கழுவி வைத்தாள். வெயில் சாயத் தொடங்கியதும் தன் மாற்றுச் சேலையை மடித்து மஞ்சள்பைக்குள் வைக்க ஆரம்பித்தாள். நாகஜோதி அவள் அருகிலேயே உட்கார்ந்து அந்தச் சேலையின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். சுவரோரம் சாய்த்த பை சாய்த்தபடியே இருந்தது. ஜிப்பைக்கூட யாரும் திறக்கவில்லை.

ஜெயபாண்டியால் தாங்கமுடியவில்லை. கொட்டகைக்குப் போய்க் கைரம்பத்தை எடுத்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வந்தான். அலமாரியைச் சாய்த்துத் தரையில் படுக்கவைத்தான். மரத்தின் வாசம் மறுபடியும் குப்பென்று எழுந்து அறையை நிறைத்தது. ஒரு கணம் அந்தப் பேர் தெரியாத காடே வீட்டுக்குள் வந்து நிற்பது போலிருந்தது. அவன் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. கால்களில் எவ்வளவு அறுப்பது, இருக்கையை எவ்வளவு இறக்குவது என்று கண்ணாலேயே கணக்குப் போட்டுக்கொண்டு மண்டியிட்டான்.

நதியா ஓடிவந்தாள். இப்போது போய் எதற்கு என்றாள். அறுத்துச் சின்னதாக்கிவிடுகிறேன், அரை மணியில் ஆகிவிடும், அதற்குள் அக்கா கிளம்பாமல் பார்த்துக்கொள் என்றான். குரல் அவனுடையது போலவே இல்லை. ரம்பத்தை அலமாரிக் காலின் மேல் வைத்து ஒரு இழுப்பு இழுத்தான்.

"அறுக்காதீக."

நிமிர்ந்து பார்த்தான். நாகஜோதி எழுந்து வந்து அலமாரியின் மறுபக்கம் நின்றிருந்தாள். ஒரு கை மரத்தின் மேல் இருந்தது.

"உனக்குப் பெருசா இருக்குல்லம்மா" என்றான் அவன்.

"பெருசாத்தான் இருக்கும்" என்றாள் அவள், தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி. "நீங்க அனுப்புற கவுனெல்லாம் இப்பிடித்தான். அடுத்த வருசந்தான் சேரும்."

ஜெயபாண்டிக்கு விளங்கவில்லை. சின்னத்தாயைப் பார்த்தான். அவள் மடித்துக்கொண்டிருந்த சேலையில் கண்ணை வைத்தபடியே, தயங்கித் தயங்கிச் சொன்னாள். திருப்பூரிலிருந்து வந்த உடுப்பு ஒன்றுகூட வந்த வருஷம் பிள்ளைக்குச் சேர்ந்தது கிடையாதாம். தோள் நழுவும், கால் தடுக்கும். ஆசையாக அனுப்புகிறார்கள், சொன்னால் மனசு சங்கடப்படும் என்று இவள்தான் வாயைத் திறக்கக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லிவைத்திருந்தாளாம். பிள்ளை ஒவ்வொன்றையும் மடித்து வைத்துவிட்டு, மாசத்துக்கு ஒருதரம் எடுத்துப் போட்டுப் போட்டுப் பார்க்குமாம். சேர்ந்துவிட்ட அன்றைக்குத் தெரு முழுக்க ஓடி எல்லாரிடமும் காட்டிவிட்டு வருமாம். இப்போது போட்டிருப்பதும் அப்படித்தான். போன வருஷம் வந்தது.

அப்போதுதான் அவன் அந்தக் கவுனைப் பார்த்தான். ஊதாப்பூப் போட்டது. எந்த ஆர்டர், எந்தத் துணி, எந்த மேசையில் வெட்டியது என்று உடனே நினைவுக்கு வந்தது. தோள் சரியாக உட்கார்ந்திருந்தது. நீளம் சரியாக முழங்காலுக்குக் கீழே நின்றது. அவன் கண்ணில் படாமலே கழிந்த இத்தனை வருஷமும், அவன் வெட்டிக் கொடுத்த துணிக்குள்தான் அவள் வளர்ந்திருக்கிறாள். ரம்பம் கையில் இருப்பதே அவனுக்கு மறந்துபோனது.

"இந்தக் கொக்கிய மட்டும் கொஞ்சம் கீழ எறக்குங்க" என்றாள் நாகஜோதி. "பை மாட்டணும்ல."

சின்னத்தாயின் கை சேலை மடிப்பில் அப்படியே நின்றது. வெளியே ஏதோ ஒரு வீட்டில் டிவியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"அப்போ பெரியம்மா பஸ்ஸுக்குப் போகட்டா, ஆத்தா?" என்று கேட்டாள் சின்னத்தாய்.

நாகஜோதி அழவில்லை என்று சொல்ல முடியாது. கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டுதான் இருந்தது. ஓடிப்போய்ப் பெரியம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகு தானாகவே கையை எடுத்தாள். முந்தானையைப் பிடிக்கவில்லை. சின்னத்தாய் அவள் தலையைக் கோதிவிட்டு, மூக்கைச் சிந்தித் துடைத்துவிட்டு, வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

ஜெயபாண்டி அலமாரியை நிமிர்த்தி வைத்தான். கொக்கியின் திருகாணியைக் கழற்றினான். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு, எவ்வளவு கீழே வைப்பது என்று கேட்டான். சொல்லத் தெரியவில்லை அவளுக்கு. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, பலகையோடு முதுகை ஒட்டி நின்று, கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, எட்டின இடத்தில் விரலை வைத்தாள்.

"இங்கப்பா" என்றாள்.

அவன் பென்சிலை அந்த விரலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். ஒரு நூல் பிசகாமல் வெட்டுகிற கைக்கு ஒரு சின்னக் கோடு போட வரவில்லை. நதியாதான் வந்து, அவனிடமிருந்து பென்சிலை வாங்கி, மகளின் விரல் நின்ற இடத்தில் கோடு போட்டாள்.